லைட்டுக்குத் தண்ணி ஊற்றிய வீடு

ஏழாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம் எடுக்கப் போகிறவர்கள், உள்ளே நுழைவதற்கு முன் கொஞ்ச நேரம் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போங்கள். நீளமாகத்தான் பேசுவேன். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியைக்குப் பேசுவதை விட்டால் வேறு வேலை கிடையாது. என் வீட்டில் இருப்பவர்கள் கேட்பதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

மின்கலம், கம்பி, பல்பு, சாவி இவற்றை வைத்துப் பாடத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வந்தது ‘கரண்ட்’ என்கிற ஒரே ஒரு சொல்லைப் பற்றி. நம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்தச் சொல் செய்யாத வேலை கிடையாது. லைட் எரிந்தால் கரண்ட் கீது. எரியாவிட்டால் கரண்ட் இல்ல. ஷாக் அடித்தால் கரண்ட் அடிச்சிடுச்சு. கம்பத்தில் ஏறுகிறவர் கரண்ட்டுக்காரர். புத்தகத்தில் நாம் மின்னோட்டம் வேறு, மின்னழுத்தம் வேறு என்று பிரித்து எழுதி, அலகு எழுதி, குறியீடு எழுதி, பரீட்சையில் மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. பல்பு எரியவில்லையா, கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையா, தொடலாம். இந்த எண்ணத்தால் உயிரை விட்டவர்கள் உண்டு. அப்படி ஒரு துக்கத்துக்குப் போகவேண்டிய நாள் எனக்கு ஒன்று இருந்தது. போகாமல் தப்பித்தேன். அந்தக் கதைதான் இது.

அதற்கு முன் ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வகுப்பில் இருந்தவர். யாராவது ஒரு பிள்ளை ஏடாகூடமாகப் பதில் சொன்னால் உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு கோடு போடுவார். கோடு போட்டு முடித்துத் திரும்பும்போது முகம் சாதாரணமாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சிரிப்பு வருதும்மா. அத பசங்க பாக்கக் கூடாது. வாத்தியாரே சிரிச்சிட்டார்னா அந்தப் பையன் அப்புறம் வாயத் தொறக்கமாட்டான்” என்றார்.

எனக்குக் கோபமும் சட்டென்று வரும், சிரிப்பும் சட்டென்று வரும். அதனால் அவருடைய அந்தக் கோட்டை அப்படியே கடன் வாங்கிக்கொண்டேன். திரும்பி நிற்கும் நேரத்தில் சிரிப்பு அடங்கும். சில சமயம் புத்தியும் வேலை செய்யும். எனக்கு ஒருமுறை வேலை செய்தது.

ஐப்பசி பிறந்தும் மழை எட்டிப்பார்க்காத ஒரு வருடம். ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் சந்தியா என்று ஒரு பெண். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். அப்பா இல்லை. அம்மா மல்லிகா நடவு, களையெடுப்பு, அதுவும் இல்லாத நாளில் செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்குப் போய் இரண்டு பெண்களை வளர்த்துவந்தார். அன்று காலையில் சந்தியா புதுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“டீச்சர், இன்னைக்கு அக்காவுக்குத் தண்ணி ஊத்துறாங்க. அம்மா உங்கள கூப்புடச் சொல்லுச்சு. நான் இப்பவே பூடட்டுமா?”

பெண் பெரியவளானால் செய்யும் மஞ்சள் நீராட்டை நம் பக்கம் சுருக்கமாகத் ‘தண்ணி ஊத்துறது’ என்றுதானே சொல்வோம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ராகு காலத்துக்கு முன்னால் என்றாள். நேரம் நிறைய இருந்தது. “இந்த ஒரு பாடத்த கேட்டுட்டுப் போ” என்று உட்காரவைத்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாடம் மின்சுற்று. பல்பையும் மின்கலத்தையும் வைத்து எரியவிட்டுக் காட்டினேன். பிறகு ஒரு கம்பியைக் கழற்றினேன். பல்பு அணைந்தது. “ஒரு கம்பி போதாது. போறதுக்கு ஒண்ணு, திரும்பி வர்றதுக்கு ஒண்ணு. வழி முழுசா சுத்தி வந்தாத்தான் மின்னோட்டம் ஓடும்” என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். சந்தியா மட்டும் எழுந்து நின்றாள்.

“எங்க வூட்டுல ஒரே கம்பிதான் டீச்சர். லைட் நல்லாத்தான் எரியுது. டல்லா பூடுச்சுன்னா தண்ணி ஊத்துவோம்.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. “லைட்டு இன்னா செடியா, தண்ணி ஊத்துறதுக்கு?” என்று பின்வரிசையில் ஒரு குரல். எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

கோடு போடுவதற்குப் பதிலாக அவள் வீட்டை வரைய ஆரம்பித்தேன். கம்பம். கம்பத்திலிருந்து ஒரு கம்பி. மீட்டர். சுவிட்ச். பல்பு. பல்புக்கு அப்புறம் சாக்பீஸ் நின்றுவிட்டது. திரும்பிப் போகிற கம்பி இல்லை என்கிறாளே, அப்படியானால் எது வழியாகத் திரும்புகிறது? தண்ணி ஊற்றினால் பிரகாசமாகிறது என்கிறாளே, எதன் மேல் ஊற்றுகிறார்கள்? என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் எனப்படும் திரும்பும் கம்பியை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால் வீட்டில் நியூட்ரல் அறுந்துபோனாலும், ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, பல்பின் மறுமுனையை அதில் கட்டிவிட்டால், மண்ணே திரும்பும் வழியாகிவிடும். பல்பு எரியும். மண் காய்ந்தால் தடை கூடும், பல்பு மங்கும். தண்ணீர் ஊற்றினால் தடை குறையும், பல்பு பிரகாசமாகும். அந்தப் பெண் சொன்னதில் தப்பே இல்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

திரும்பி, மெதுவாகக் கேட்டேன். “தண்ணிய எங்க ஊத்துவீங்க?”

“குளிக்கிற தட்டியாண்ட ஒரு கம்பி நட்டு வெச்சிகீது டீச்சர். பச்ச ஒயரு கட்டிகீது. அதுமேல.”

“இன்னைக்கு ஊத்தினீங்களா?”

“இன்னைக்குத் தனியா ஊத்தத் தேவல டீச்சர். அக்காவ அங்கதான் உக்கார வெக்கிறாங்க. அக்காவுக்கு ஊத்துற தண்ணியே ரெண்டுத்துக்கும் ஆயிடும்னு அம்மா சொல்லுச்சு. ரேடியோ செட்டு, சீரியல் லைட்டு எல்லாம் போட்டுக்கினு கீறாங்க.”

வகுப்பு மறுபடி சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல்பு மங்கலாக எரியும்போது எல்லாரும் என்ன நினைக்கிறார்கள்? கரண்ட் கம்மியாகிவிட்டது, ஆபத்தும் கம்மி என்று. மண்ணில் நட்ட கம்பியைப் பொறுத்தவரை விஷயம் நேர் எதிர். மண் காய்ந்து வழி அடைபடும்போது மின்னோட்டம் குறைகிறது, வாஸ்தவம். ஆனால் மின்னழுத்தம் முழுக்க அந்தக் கம்பியில் வந்து நிற்கும். குழாயை மூடினால் தண்ணீர் ஓடாது, ஆனால் குழாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கும் இல்லையா, அந்த மாதிரி. யாராவது தொட்டால் அவர்களே வழியாகிவிடுவார்கள். ஆகப் பல்பு ரொம்ப மங்கியிருக்கும் நேரம்தான் அந்தக் கம்பி ரொம்பப் பொல்லாத நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் வெறுங்காலோடு, ஈரக் கையோடு, கையில் சொம்போடு அதன் பக்கத்தில் போய் நிற்கிறார்கள்.

இன்று அதன் பக்கத்தில் ஒரு பெண் முழுக்க நனைந்து உட்காரப் போகிறாள்.

மல்லிகாவின் போன் எண்ணைச் சந்தியாவிடம் கேட்டு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ரேடியோ செட் பாடும் வீட்டில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து, மின்சாரம் பட்டால் உள்ளே விளக்கெரியும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் யோசித்துத்தான் செய்வார்.

“வூட்டு விசேஷத்துல போயி நாம தலையிட்டா நல்லா இருக்குமா டீச்சர்? பேஜாரா பூடப் போவுது. கரண்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே” என்றார்.

“அவங்க வர்றதுக்குள்ள தண்ணி ஊத்திடுவாங்க சார்” என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தேன். சந்தியா பின்னால் உட்கார்ந்தாள். ஏரிக்கரை மேட்டில் பாதி தூரம் போகும்போதே பாட்டுக் கேட்டது. பாட்டுக் கேட்டவரைக்கும் எனக்கு ஒரு ஆறுதல். எதுவும் நடந்திருந்தால் பாட்டை நிறுத்தியிருப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இறக்கத்தில் இறங்கும்போது பாட்டு கரகரத்து, இழுத்து, நின்றுபோனது. என் உயிரும் பாதி நின்றுபோனது.

வண்டியைப் போட்டுவிட்டுப் பார்த்தால், தொகுப்பு வீடுகள் வரிசையில் கடைசி வீடு. வாசலில் பந்தல். சீரியல் பல்புகள் செத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலைத் தட்டி. அதன் அருகே மணை போட்டு, பெரிய பெண் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மஞ்சள். சுற்றிலும் பெண்கள், கையில் குடம். அவள் கை நீட்டினால் எட்டும் இடத்தில், மண்ணிலிருந்து அரை முழம் நீட்டிக்கொண்டு, பச்சை ஒயர் சுற்றிய அந்தக் கம்பி. ரேடியோ செட்டுக்காரர் தன் பெட்டியைத் தட்டிக்கொண்டே சத்தம் போட்டார்.

“கரண்ட்டே இல்லக்கா! பெட்டி பாடமாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி ஊத்து, அப்பால பெரியவளுக்கு ஊத்தலாம்.”

மல்லிகா குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பியை நோக்கி நடந்தார்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? “ஊத்தாதீங்க!” என்று கத்துவீர்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது, வாய்கூடத் திறந்துவிட்டது. ஆனால் கத்தினால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார். எவர்சில்வர் குடம் கம்பியில் இடித்தால் முடிந்தது. பெண் பயந்து எழுந்து, பிடிமானத்துக்குக் கம்பியையே பிடித்தால் அதைவிட மோசம். ஓடிப்போய் இழுத்தாலோ நானும் அந்த மண்ணில் ஒரு கம்பியாகி நிற்பேன்.

சுற்று என்றால் எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாம். காலையில்தான் அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். அந்தக் கம்பிக்கு மின்சாரம் வருவது வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் வழியாகத்தான். உள்ளே மெயினை இறக்கிவிட்டால் வெளியே அது வெறும் இரும்பு.

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, வீட்டுக்குள் ஓடினேன். செருப்போடு ஓடினேன். விளக்கேற்றி வைத்திருந்த வீடு. வாசலில் போட்டிருந்த கோலத்தை மிதித்துக்கொண்டு, சீர்வரிசைத் தட்டுகளைத் தாண்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

“ஐயோ, கரண்ட் பூடுச்சு!” என்று வெளியே எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். என் காதுக்கு அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

வெளியே வந்தபோது எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள். “டீச்சருக்கு இன்னா ஆச்சு? செருப்புக் காலோட உள்ள பூந்துட்டாங்களே” என்று ஒரு பெண்மணி வாய்விட்டே சொன்னார். மல்லிகா குடத்தை இறக்கி வைத்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“நல்ல நேரத்துல லைட்ட அணைச்சிட்டீங்களே டீச்சர். எம் பொண்ணுக்கு நல்லது நடக்கவேணாமா?”

அந்தக் கேள்வி என்னை அறைந்த மாதிரி இருந்தது. அவருக்காகத்தான் ஓடிவந்தேன், அவர் கண்ணுக்கு நான் அபசகுனமாக நின்றேன். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ‘உசுரு போயிருக்கும், தெரியுமா?’ என்று எரிந்து விழத்தான் வாய் துடித்தது. அங்கே திருப்பிக்கொள்ளக் கரும்பலகை இல்லை. தட்டிப் பக்கம் திரும்பி ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன். பிறகு, “பொண்ண மட்டும் மணையோட முன்பக்கம், பந்தலுக்குக் கீழ உக்கார வையுங்க. ஒரே ஒரு தடவ உங்க கண்ணாலயே காட்டிடறேன். அப்புறமும் நான் செஞ்சது தப்புன்னா திட்டுங்க, வாங்கிக்கறேன்” என்றேன்.

பெண்ணை நகர்த்தினார்கள். ஈரம் இல்லாத இடத்தில் எல்லாரையும் எட்டி நிற்கவைத்தேன். ரேடியோ செட்டுக்காரரை உள்ளே அனுப்பி மெயினைப் போடச் சொன்னேன். சீரியல் பல்புகள் சிவந்து மின்னின, அவ்வளவுதான் அவற்றால் முடிந்தது. நான் காய்ந்த வேறொரு மணையின் மேல், ரப்பர் செருப்போடு நின்று, டெஸ்டர் முனையைக் கம்பியில் வைத்தேன். வெயிலில் தெரியாதென்று இன்னொரு கையால் நிழல் காட்டினேன்.

டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

மல்லிகா குனிந்து பார்த்தார். “இது மண்ணுல கீற கம்பியாச்சே டீச்சர். இதுல எப்டி? லைட்டே எரியலியே, கரண்ட் இல்லன்னுதான எல்லாரும் சொன்னோம்?”

“லைட்டு எரியற அளவுக்கு ஓடலதான். இங்க வந்து நின்னுக்கினு கீது. போறதுக்கு வழி பாத்துக்கினு நிக்குது. நீங்க தண்ணி ஊத்துறப்ப எல்லாம் அதுகிட்டதான் போயி நின்னீங்க.”

அவர் கம்பியைப் பார்த்தார். அது இருக்கும் இடத்துக்கும் மணை கிடந்த தடத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஒரு முழம்கூட இராது. நேராகப் பந்தலுக்குப் போய், மஞ்சள் ஒட்டினால் ஒட்டட்டும் என்று மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மெயினை மறுபடி இறக்கிவிட்டு, ஒயரையும் பிரித்துப்போட்டோம். ராகு காலம் வருவதற்குள் பந்தலுக்குக் கீழேயே தண்ணீர் ஊற்றினார்கள். ரேடியோ செட் பாடாததால் பெண்களே பாடினார்கள். ஒருவருக்கு அடி மறந்தால் இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். என்னையும் கூப்பிட்டு ஒரு சொம்பு ஊற்றச் சொன்னார்கள். இம்முறை செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆபத்தைக் காட்டிவிட்டு இருட்டைக் கொடுத்துவிட்டு வருவது வாத்தியார் வேலை இல்லை. நியூட்ரல் எப்போது அறுந்தது என்று கேட்டேன். சித்திரை மாதக் காற்றில் புளியங்கிளை விழுந்து ஒரு கம்பி தொங்கியதாம். மல்லிகாவின் தம்பி கட்டட வேலைக்குப் போன இடத்தில் பார்த்ததை வைத்து இப்படிக் கம்பி நட்டுக் கொடுத்தாராம். எரிந்ததும் விட்டுவிட்டார்கள். ஆபீஸில் ஏன் சொல்லவில்லை என்றதற்கு மல்லிகா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கம்பி நட்டு எரிக்கிறத பாத்தா திருட்டுக் கரண்ட்டுன்னு எழுதிடுவாங்களாம் டீச்சர், எந்தம்பி சொல்லிச்சு. எங்காச்சும் ஒரு கோழி காணாம பூட்டாவே மொதல்ல எங்க வூட்டாண்டதான் போலீசு வந்து நிக்கிது. இதுல கரண்ட் திருடுனோம்னு வேற பேரு வந்தா, பெரியவள எங்க குடுப்பேன்?”

அந்தப் பயம் மின்சாரத்தைப் பற்றியது அல்ல. அதற்கு எந்த டெஸ்டரும் கிடையாது.

போனைக் கையில் எடுத்துவிட்டு, என்ன சொல்வது என்று யோசித்தேன். ‘ஒரு வீட்டில் மண்ணில் கம்பி நட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள்’ என்று சொல்லலாம். பொய் இல்லை. ‘காற்றில் நியூட்ரல் அறுந்து கிடக்கிறது, உயிருக்கு ஆபத்து’ என்றும் சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. முதலாவதைக் கேட்டு வருகிறவர் திருடனைப் பிடிக்க வருவார். இரண்டாவதைக் கேட்டு வருகிறவர் கம்பி கட்ட வருவார். நான் இரண்டாவதைச் சொன்னேன். “விசேஷ வீடு, சின்னப் பசங்க நெறைய, நானே டெஸ்டர் வெச்சுப் பாத்தேன், சயின்ஸ் டீச்சர் பேசறேன்” என்றும் சேர்த்துக்கொண்டேன். டீச்சர் என்ற பட்டம் வேறு எதற்கு இருக்கிறது?

லைன்மேன் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார். நேராகத் தட்டிப் பக்கம் போய், கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மல்லிகா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னா டீச்சர், நியூட்ரல் அறுந்துடுச்சுன்னு மட்டுந்தான சொன்னீங்க?” என்றார் லைன்மேன். அவர் அந்தக் கம்பியில் பழையபடி ஒயரைக் கட்டி, உள்ளே போய் மெயினைப் போட்டு, மீட்டரின் முன் நின்றார். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணையுமே, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபேனைப் போட்டார். சீரியல் செட்டைப் போட்டார். போடப் போட அது வேகமாக மின்னியது. அவர் நின்ற நேரம் ரொம்ப நேரமாகத் தோன்றியது எனக்கு. மல்லிகாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

“மீட்டர் ஓடிக்கினுதான் கீது” என்றார் கடைசியில். “கம்பில போனாலும் மண்ணுல போனாலும் இது எண்ணிக்கினுதான் இருந்திகீது. எரிச்சதுக்கெல்லாம் நீங்க பில்லு கட்டிக்கினுதான் இருந்துகீறீங்க. திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.” பிறகு குரல் உயர்ந்தது. “ஆனா ஏன்க்கா இப்டி உசுரோட வெளையாடிக்கினு இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

மல்லிகா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காலையில் உயிர் தப்பியபோது அழாதவர் இப்போது அழுதார். லைன்மேன் என்ன செய்வதென்று தெரியாமல், “நாஷ்டா ஏதாச்சும் கீதா? காலைலேர்ந்து கம்பத்துலயே நின்னுக்கினு கீறேன்” என்றார். அழுதுகொண்டே எழுந்துபோய் அவருக்கு இலை போட்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறி நியூட்ரலைக் கட்டினார். இறங்கி மெயினைப் போட்டதும் சீரியல் பல்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று எரிந்தன. பெட்டி தெளிவாகப் பாடியது. மங்கலான வெளிச்சத்துக்கே பழகிய வீடு. சந்தியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “அம்மா, நம்ம வூடு இவ்ளோ வெள்ளையா?” என்று கேட்டாள். கம்பியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டோம். நான் வீட்டுக்குப் போய் விளக்கணைத்ததுதான் தெரியும், அப்படித் தூங்கினேன்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால் திருத்துவதற்கு முன், ‘எங்கே பார்த்தாய்?’ என்று கேளுங்கள். நான் அன்று சிரித்திருந்தால் சந்தியா உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்த மணை, அந்தத் தட்டி, அந்தக் கம்பி எதுவும் தெரிந்திருக்காது. மறுநாள் துக்கம் கேட்கப் போயிருப்பேன். அந்தக் கணக்கு வாத்தியார் இப்போது இல்லை. இருந்தால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் வேண்டுமென்றே கேட்டேன். “பல்பு எரிய எத்தனை கம்பி வேணும்?” எல்லாக் கையும் உயர்ந்தது. சந்தியாவைக் கைகாட்டினேன்.

“ரெண்டு டீச்சர். போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. எங்க வூட்டுல இப்ப ரெண்டும் கீது.”

“அப்ப தண்ணி ஊத்துறத நிறுத்தியாச்சா?”

“இல்ல டீச்சர். அம்மா தெனமும் அதே எடத்துலதான் ஊத்திக்கினு கீது.”

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்.

“லைட்டுக்கு இல்ல டீச்சர்! கம்பி புடுங்குன குழியில அம்மா முருங்கக் கொம்பு நட்டுக்கீது. கை பழகிப்பூடுச்சாம், சும்மா இருக்க முடியலியாம்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், திரும்பிக்கொள்ளாமல், அவர்களைப் பார்த்தபடியே. பிறகு மழை வந்தது. கொம்பு துளிர்த்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்த வீட்டிலிருந்து எனக்கு முருங்கைக்கீரை வந்துகொண்டே இருந்தது.